தொப்பை வராத அறை

ஜனவரி 11

அக்கா,

இல்லை, காவலாளிக்குப் பக்கவாட்டில் அவ்வளவாகத் தெரியாது. முதுகுப் பக்கம் சுத்தமாகத் தெரியாது. அவன் கண்ணிலிருந்து ஒரு கூம்பு கிளம்பும், டார்ச் வெளிச்சம் விரிவதைப் போல. அதன் நடுவில் நின்றால் மாட்டிக்கொள்வாய். ஓரத்தில் நின்றால் சந்தேகம் மட்டும் தட்டும். தலையைச் சாய்த்து, "யாரது?" என்பான். நீ அசையாமல் இருந்தால், "எலியா இருக்கும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவான். நாங்கள் அவனை அப்படித்தான் செய்கிறோம். நிஜக் காவலாளியைப் போலச் செய்தால் விளையாடுகிற ஒருவரும் முதல் கதவைத் தாண்ட மாட்டார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் இது. ஏன் கேட்டாய் என்பதுதான் பிடிபடவில்லை. நான் வீடியோ கேம் வேலைக்கு வந்த நாளிலிருந்து நீ கேட்ட ஒரே கேள்வி, "மாசம் பொறந்தா சம்பளம் ஒழுங்கா குடுக்கறாங்களா?" இப்போது திடீரென்று காவலாளியின் கண்.

அதுவும் கடிதத்தில். வீட்டில் போன் பேசினால் வாண்டுவின் காதில் விழும், வேலையிடத்தில் போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். எத்தனையோ வருடம் கழித்து உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். வரி இன்னும் மேலே ஏறிக்கொண்டேதான் போகிறது.

இப்போது நான் கட்டுவது ஒரு பழைய ஹோட்டலின் மூன்றாம் மாடி. கதாநாயகி ஒரு திருடி. யார் கண்ணிலும் படாமல் காரிடாரின் கோடி அறைக்குப் போய்த் திரும்ப வேண்டும். காவலாளி ஒரே ஒருவன். வயிற்றைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டார்கள், அதனால் பெயர் தொப்பை. ஆபீசில் எல்லோருக்கும் ஒரே சண்டை: கேமராவை எங்கே வைப்பது? திருடியின் முதுகுக்குப் பின்னால் மிதக்கவிடுவதா, அவள் கண்ணுக்குள்ளேயே வைப்பதா? எனக்கு இரண்டுமே ஆசையாக இருக்கிறது.

நான் சௌக்கியம். இருமல் போய்விட்டது. உன் கண் எரிச்சல் எப்படி? வாண்டு என்ன செய்கிறாள்? உன் மகளுக்குப் பதினேழு வயதாகிவிட்டது, இன்னும் வாண்டு என்றே கூப்பிடுகிறோம், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

அன்புடன்,
சின்னவள்


ஜனவரி 30

என் தங்கச்சிக்கு,

கண் எரிகிறது, ஆனால் வண்டி ஓடுகிறது. ஊசி மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக விளக்கடியில் தூக்கிப் பார்க்கிற வேலைக்கு வேறு என்ன எதிர்பார்ப்பது? பின்னால் ஒரு கறுப்புப் பலகை, ஒரு வெள்ளைப் பலகை. சும்மா பார்த்தால் தூசி தெரியாது. குப்பியைச் சுழற்றிச் சட்டென்று நிறுத்த வேண்டும். குப்பி நின்றுவிடும், மருந்து உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், தூசி தன்னைக் காட்டிக்கொடுக்கும். இடையிடையே கண்ணுக்கு ஓய்வு கொடுக்கவென்று ஓர் அறையில் உட்கார வைக்கிறார்கள். அங்கேதான் இதை எழுதுகிறேன். மேற்பார்வை பார்க்கிற அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணுக்கு ரெஸ்ட் குடுன்னா கைக்கு வேலை குடுக்கறியே" என்றாள்.

ஏன் கேட்டேன் என்கிறாய். சும்மாதான்.

சும்மா இல்லை. வாண்டு பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் பேசுகிறாள். நான் வந்தால் நிறுத்திவிடுகிறாள். யாரிடம் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. மகளிடம் பேசக் கூடாது என்று நான் சொன்னதில்லை. எனக்கென்ன. ஆனால் போன வாரம் காய்ந்த துணி எடுக்கப் போனபோது ஒரு வாக்கியம் காதில் விழுந்தது: "நான் அங்கயே வந்துடட்டுமா?"

அங்கே என்றால் அவர் ஊர்.

அவளிடம் கேட்கவில்லை. கேட்டு, "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டால்? அவள் முகத்தைப் பார்த்தால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். பார்க்கிறேன் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. நீ அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறாய்? வீட்டின் படம் போட்டு அனுப்பியிருக்கிறேன். சிரிக்காதே. நான் எங்கே நிற்க வேண்டும், எதை நகர்த்த வேண்டும், சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா,

சிரித்தேன். சோபாவை ஏன் படகு மாதிரி வரைந்திருக்கிறாய்?

படத்தை மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன். எங்கள் ஒலிக்காரர் வந்து நின்று பார்த்தார். "புது லெவலா? ரொம்பச் சின்னதா இருக்கே."

"எங்க அக்கா வீடு."

"இதுல யாரு திருடி, யாரு தொப்பை?"

"உங்க வேலையப் பாருங்க சார்" என்றேன்.

பிறகு கலர் பென்சிலை எடுத்தால் கை நிற்கவில்லை. கேள். உன் இடம் சமையலறை வாசல். அடுப்பருகே நிற்கிறவளை யாரும் காவலாளி என்று நினைக்க மாட்டார்கள். ஃப்ரிட்ஜ் ஹாலில் பாதியை மறைக்கிறது, அதை உள்ளே தள்ளு. சோபாவைத் திருப்பிப் போட்டால் அதில் உட்காருகிறவளின் முகம் உன் பக்கம் வரும். அவள் அறைக்கு எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி மாட்டினால், கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே பாதி தெரியும். கடைசியாக வாஷிங் மெஷின். எங்கள் பாஷையில் அது குருட்டு மூலை. அதை எதிர்ப்பக்கம் மாற்று. குழாயை நீட்ட வேண்டியிருக்கும்.

இப்போது உன் வீட்டில் ஒளிய ஓர் இடம்கூட இல்லை. கச்சிதமான வேலை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் ஹோட்டல்தான் சரியாக வரவில்லை. கேமராவை முதுகுக்குப் பின்னால் வைத்து ஆட்களை விளையாட விட்டோம். திருடி சுவரோடு ஒட்டி நிற்கிறாள், அவள் மூக்கு சுவரில். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விளையாடுகிறவர் கேமராவை மட்டும் திருப்பி, மூலைக்கு அந்தப் பக்கம் தொப்பை கொட்டாவி விடுவதுவரை பார்த்துவிடுகிறார். பயமே இல்லை. ஒருவர் ஒரு கையில் சிப்ஸ் தின்றுகொண்டே விளையாடினார். கண்ணுக்குள் வைத்தால் வேறு தொல்லை. "என் முழங்கை வெளிய நீட்டிட்டு இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பெண் கோபித்துக்கொண்டாள். நியாயம்தான். நம் உடம்பு மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று நமக்கு உள்ளிருந்து தெரிவதில்லை.

கோடைக்குள் முடிவு செய்யாவிட்டால் மூன்றாம் மாடியையே தூக்கிவிடுவேன் என்கிறார் இயக்குநர்.

ஒரு கேள்வி. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறாயே, எப்படி? தொப்பைக்குச் சொல்லித்தர முடியுமா என்று பார்க்கிறேன்.

கண்ணைத் தேய்க்காதே.

சின்னவள்


மார்ச் 4

தங்கச்சிக்கு,

நீ சொன்னபடியே எல்லாம் ஆயிற்று. ஃப்ரிட்ஜை நகர்த்தியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, மற்றபடி நலம். குழாய்க்காரர், "நல்லா இருந்த மெஷினை எதுக்கும்மா அந்தப் பக்கம் கொண்டுபோறீங்க?" என்று மூன்று தடவை கேட்டார். வாண்டு பையை வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். "என்னம்மா, வீட்டை விக்கப் போறியா?"

"ஒரே மாதிரி பாத்துப் பாத்து அலுத்துப்போச்சுடி."

"ம்" என்றாள்.

சமையலறை வாசலில் நின்றால் வீடு முழுக்க உள்ளங்கை மாதிரி தெரிகிறது. நீ கெட்டிக்காரி.

ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை. சோபாவில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறாள். முகம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருக்கிறது. பால்கனிக்கே போவதில்லை. நேற்று நானே, "அப்பா போன் பண்ணாரா?" என்று பேச்சைக் கிளறிவிட்டுப் பார்த்தேன். "ஏன்?" என்று கேட்டாள், பக்கத்தைத் திருப்பினாள். அவ்வளவுதான்.

எப்படித் தெரியும் என்று கேட்டாய். முன்பெல்லாம் தெரிந்தது. எப்படி என்று நான் யோசித்ததில்லை.

அக்கா


மார்ச் 22

சித்தி,

நீங்க நல்லா இருப்பீங்க, தெரியும். நானும் நல்லா இருக்கேன்னு வெச்சுக்குங்க.

வாஷிங் மெஷினை மாத்தச் சொன்னது நீங்கதானே? மறைக்காதீங்க. எங்கம்மாவுக்கு மூளை இருக்கு, ஆனா இந்த மாதிரி மூளை இல்ல. சோபா, ஃப்ரிட்ஜ், கண்ணாடி, எல்லாம் ஒரே கோட்டுல. உங்க முதல் கேமை நான் எத்தனை தடவை விளையாடியிருக்கேன்! ஹால்ல நின்னு பாத்ததுமே இது சித்தி கட்டின லெவல்னு தெரிஞ்சுபோச்சு.

அம்மா சமையலறை வாசல்ல நிக்கறது எனக்குத் தெரியும். கரண்டி கையில இருக்கும், அடுப்பு அணைஞ்சிருக்கும். பாவமா இருக்கு, கோவமாவும் இருக்கு. பாத்ரூம்ல சிக்னல் கிடையாது. என் ரூம் கதவை யாரு வேணா தள்ளலாம். அதனால காலேஜ் விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடறேன். அங்க வெயிட்டிங் ஹால்ல உக்காந்து அப்பாகிட்ட பேசறேன். எல்லாரும் பாக்கறாங்க, ஆனா யாருக்கும் நான் யாருன்னு தெரியாது. நிம்மதியா இருக்கு.

அங்க வந்து படின்னு அப்பா கூப்பிடறாரு. போறதா வேண்டாமான்னு எனக்கே தெரியல. ஒரு நாள் போகணும்னு இருக்கு, ஒரு நாள் அம்மாவை நினைச்சா போக மனசே வரல. ரெண்டையும் மூஞ்சியில வெச்சுக்கிட்டு யோசிக்கணும், அப்போ யாரும் பாக்கக் கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன்.

உங்க கேம்ல ஒளியறதுக்கு ஒரு இடமாவது வெப்பீங்கல்ல? எங்களுக்கு ஏன் வெக்கல?

அம்மாகிட்ட சொல்லாதீங்க.

வாண்டு


ஏப்ரல் 3

வாண்டு,

நான்தான். பென்சிலால் கோடு போட்டதும் நான்தான், கச்சிதம் என்று பீற்றிக்கொண்டதும் நான்தான்.

நாங்கள் எந்த லெவல் கட்டினாலும் முதலில் ஓர் இடத்தை ஒதுக்கிவிடுவோம். காவலாளியின் பாதை அங்கே வராது, கூம்பு தொடாது. எடுக்க எதுவும் இருக்காது. வந்து நின்று மூச்சுவிடலாம், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் பாதியிலேயே ஆட்டத்தை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். உன் வீட்டுப் படத்தைப் பார்த்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் என்று உன் கடிதம் வந்ததிலிருந்து யோசிக்கிறேன். படம் போட்டுக் கேட்டது உன் அம்மா. நான் அவள் நிற்கிற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். கூம்புக்குள் உட்காரப்போவது யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நீ எழுதியதைச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: பத்திரமாக, நாலு பேர் இருக்கிற இடத்தில் இருக்கிறாய் என்று சொல்லட்டுமா? வேண்டாம் என்றால் உடனே எழுது.

இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ. சித்தியாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சித்தி


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்க மனம் இல்லை, மன்னித்துக்கொள்.

வாண்டு வேலைநாட்களில் விளக்கு வைத்தபிறகுதான் வருகிறாள். எங்கே போனாய் என்றால், "ஃபிரண்டு வீட்டுக்கு." எந்த ஃபிரண்டு என்றால், "உனக்குத் தெரியாது." வீடு முழுக்கத் தெரிகிறது, வீட்டில் ஆள் இல்லை. இன்று தூசியுள்ள குப்பி ஒன்றைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அடுத்த மேசைக்காரி பிடித்தாள், அதனால் பிழைத்தேன்.

உன்னிடம் சொல்லுவாள். சின்ன வயதிலிருந்தே உன்னிடம்தான் எல்லாம். நீயாக எழுதுவது மாதிரி அவளுக்கு எழுது. எங்கே போகிறாள், அவர் என்ன சொல்கிறார், இவள் போகப்போகிறாளா, கேட்டு எனக்கு எழுது. நான் கேட்கச் சொன்னேன் என்று தெரிய வேண்டாம்.

உன்னிடம் இதுவரை நான் பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

மாட்டேன்.

இதோடு மடித்து வைத்துவிடாதே. கீழே எழுதுவதையும் படி.

அவள் ஏற்கெனவே எனக்கு எழுதினாள். பத்திரமாக இருக்கிறாள். நாலு பேர் நடமாடுகிற, வெளிச்சமான இடம். இதைச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். மற்றதைச் சொல்ல மாட்டேன், நீ எத்தனை தடவை கேட்டாலும்.

நீ கேட்பது எனக்குப் புரியாமல் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நான் கேமரா மாதிரி மிதந்துகொண்டிருந்தால், நீ சுவரோரம் நின்றபடியே மூலைக்கு அந்தப் பக்கம் பார்த்துவிடலாம். ஆனால் அப்படி விளையாடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன் அக்கா. பார்த்துக்கொண்டே நிற்பார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. ஒருவரும் காலை எடுத்து முன்னே வைக்க மாட்டார்கள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. அதை நான் மூடச் சொன்னேன். அதனால்தான் வெளியே போகிறாள். என்மேல் கோபித்துக்கொள். அவளை அதட்டாதே.

கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறாயா?

சின்னவள்


மே 21

அக்கா,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. தபால் சரியாகத்தான் வருகிறது, கேஸ்காரன் பில் வந்துவிட்டது.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கேமராச் சண்டை தீர்ந்தது. திருடி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும், தன் முழங்கை தனக்குத் தெரியும். சுவரோடு ஒட்டினால் கேமரா அவள் கண்ணருகே இறங்கிவிடும், மூலைக்கு அந்தப் பக்கம் தெரியாது. தெரிய வேண்டுமானால் தலையை நீட்ட வேண்டும். நீட்டினால் தொப்பைக்கும் அவள் தெரிவாள். சும்மா பார்க்க முடியாது. சிப்ஸ்காரர் இந்தத் தடவை பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டார்.

படுக்கை விரிப்பு அடுக்குகிற அறை ஒன்றும் வைத்திருக்கிறேன். தொப்பை அங்கே வரவே மாட்டான். "ஒண்ணுமே நடக்காத ரூமுக்கு எதுக்கும்மா இவ்வளவு வேலை?" என்று இயக்குநர் கேட்டார். ஆட்கள் விளையாடுவதைப் பார்க்கச் சொன்னேன். முழங்கைப் பெண் அந்த அறைக்குள் போய், ஒன்றும் செய்யாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அறை இருக்கட்டும் என்றார் இயக்குநர். மூன்றாம் மாடி பிழைத்தது.

நீ எப்படி இருக்கிறாய்? ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

சின்னவள்


ஜூன் 17

தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. எழுதாததற்குக் காரணம் கோபம். வேலை அதிகம், உடம்பு சரியில்லை என்று எழுத வந்தது, எழுதவில்லை. எனக்கு நீ 'மாட்டேன்' என்றது இதுதான் முதல் தடவை. ஓய்வறையில் உட்கார்ந்து கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தேன். மேற்பார்வை அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சொட்டு மருந்து போடுகிறேன். எரிச்சல் குறைந்திருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

மெஷினைப் பழையபடி மாற்றிவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். "வேணாம்மா. அது இப்போ உனக்குத் தெரிஞ்ச இடம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அவள் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. மூன்று வயதில் உள்ளே மாட்டிக்கொண்டு அழுதாள் என்று அந்த மனுஷன் கழற்றிப்போட்டார். ஆணித் துளைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சனிக்கிழமை கடைக்குப் போய் ஒன்று வாங்கினேன். கடைக்காரர், "உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்றார். ஒரு நொடி யோசித்தேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, யோசித்தேன்.

நானே மாட்டினேன். பாதியில் அவள் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தலைகீழா மாட்டறே."

"அப்போ நீயே மாட்டு."

ஸ்குரூடிரைவரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தாள். திருகிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "லீவுக்கு அப்பாகிட்ட போறேன். அங்கயே படிப்பேனா, திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல. தெரிஞ்சா முதல்ல உங்கிட்டதான் சொல்லுவேன். அதுவரைக்கும் கேக்காதே" என்றாள்.

"கேக்கல."

"மூஞ்சியாலயும் கேக்காதே."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும்.

மாட்டி முடித்ததும் உள்ளே போய்ச் சாத்திப் பார்த்தாள். "சரியா விழுதாம்மா?" என்று உள்ளிருந்து கத்தினாள். வெளியே நின்று கதவைத் தள்ளிப் பார்த்தேன். திறக்கவில்லை. "விழுது" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே போன் பேசும் சத்தம். மெல்லிய குரல் இல்லை. தாழ்ப்பாள் போட்ட தைரியத்தில் முழுத் தொண்டையில், "அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். ஹாலில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. இத்தனை மாதம் நான் எதைக் கேட்க ஆசைப்பட்டேனோ அதேதான்.

சமையலறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். கழுவ ஒன்றும் இல்லை. கவிழ்த்துவைத்திருந்த தம்ளர்களை எடுத்துக் கழுவினேன்.

அக்கா